ஏழாம் இலக்க உணரி

ஏட்டுப்பெட்டிக்குள் ஈரப்பதன் ஐம்பத்தைந்து.
கூடினால் என் கைபேசி பதறும்,
அப்படித்தான் நிரல் எழுதிக் கொடுத்தேன்.

வைகாசி மழை.
கறுவாத்தோட்டத்து நூதனசாலையில்
ஏழாம் இலக்கம் மட்டும் பிதற்றியது.
கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டு
நூற்றைம்பத்தைந்தில் தொங்கியபடி
கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்தேன்,
சோதித்துப் பார்க்க.

அலுமாரிக்குப் பின்னால்
பூஞ்சணம் தேசப்படம் கீறிய சுவரோடு வைத்தேன்.
எண்பத்தொன்பது.
பழுதில்லை.

இரவு முழுக்கக் கைபேசி அலறியது:
பொருள் ஆபத்தில்.
பொருள் ஆபத்தில்.
எந்தப் பொருள் என்று அதற்குத் தெரியாது.
ஒட்டிப்போன கல்யாண அல்பமா,
நெஞ்சுக்குள் விசிலடிக்க உறங்கும்
நாலு வயது யதுர்ஷாவா.

"நிப்பாட்டுங்கோ அதை" என்றாள் தர்மினி,
பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே.
நிப்பாட்டினேன்,
சத்தத்தை.

விடியக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் பூட்டினேன்.
ஐம்பத்தைந்தில் ஏடு நல்ல நித்திரை.
பதிவேட்டில் எழுதினேன்:
இலக்கம் ஏழு, சரியாக வேலை செய்கிறது.

வரைபில் மலைபோல் ஏறி நிற்கும்
அந்த ஒன்பது மணித்தியாலத்தை
அழித்துவிடச் சொன்னார் மேலதிகாரி,
அது நூதனசாலைக்குரிய தரவு இல்லையாம்.

இன்னும் அழிக்கவில்லை.