பதினேழாம் அறை

மூன்று வருடம் ஊசியாய் விளைந்தது.
அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை
தகடாய் விளைந்தது.
அதற்குப் பிறகு தகடுதான்.

அதே மூலக்கூறு, அதே எடை, அதே எத்தனால்,
ரீகாவில் அதே நாலாவது மாடி.
ஊசி தண்ணீரைக் கண்டதும் கரையும்.
தகடு யோசிக்கும்.
நோயாளிக்கு அவ்வளவு நேரமில்லை என்று
மானிய விண்ணப்பத்தில் எழுதியவள் நானேதான்.

குடுவைகளை அமிலத்தில் கழுவினேன்.
பிறகு புதுக் குடுவை.
வடிதாளை மாற்றினேன், மேசையை மாற்றினேன்,
பேராசிரியர் வரும் நேரம் பார்த்து
சாப்பிடப் போகும் நேரத்தையும் மாற்றினேன்.
எக்ஸ்ரே வரைபடத்தில் அதே முகடு
அதே இடத்தில்
தெற்றுப்பல் மாதிரி.

வியாழக்கிழமைகளில் ஒலைனே.
உதவித்தொகை வாடகைக்கே பற்றாததால்
தொழிற்பயிற்சிக் கல்லூரியில் மாலை வகுப்பு:
சலித்தல், கலத்தல், மாத்திரை அழுத்துதல்.
ரயிலில் பைன் மரங்களும் இருட்டும்.
பதினான்காம் அறையில் ஒன்பது பேர்.
ரயில்பெட்டிகளுக்கு பிரேக் மாட்டிய ரைதிஸ்,
வேலை போன தையல்காரிகள் இருவர்,
குளிர்த்தொப்பியைக் கழற்றவே கழற்றாத பையன்,
பாலாடைக்கட்டி ஆலை மூடியபின் வந்த ஐவிதா.

அன்று மாத்திரைகளுக்குத் தலை நிற்கவில்லை.
இயந்திரம் டக்கென்னும்,
மேல்மூடி தனியே உருண்டு போகும்.
ரைதிஸ் குனிந்து கேட்டான்.
"உள்ளே காற்று மாட்டியிருக்கு. மெதுவா அழுத்துங்க."
மெதுவாக அழுத்தினோம். நின்றது.
என் பாடநூலில் அது பதினொரு பக்கம்.

அந்தத் தெம்பில்
என் ஊசிகள் காணாமல் போன கதையைச் சொல்லிவிட்டேன்.
யாரும் உச்சுக்கொட்டவில்லை.
ஐவிதா என் சட்டைக்கையைப் பார்த்தாள்.
"இந்தக் கம்பளிச் சட்டையோடதான் அங்கேயும் போவீங்களா, விஸ்மா?"

அவர்கள் ஆலையில் ஒருமுறை
நீலப் பூஞ்சணம் எவருடைய முழங்கையிலோ தொற்றி
வெள்ளைக் கட்டியின் அறைக்கு வந்ததாம்.
சுண்ணாம்பு அடித்தும் போகவில்லையாம்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு கட்டடம்,
வேறு ஆட்கள், புதுச் செருப்பு.
"பிரை மாறினப்புறம் பாலைத் திட்டி என்ன ஆகும்?"

பிரை.
ஆய்வேட்டில் விதைப்படிகம் என்று
நாற்பது இடத்தில் எழுதியிருக்கிறேன்.
கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடி போதும்,
கரைசல் தன் பழைய வழியை மறந்துவிடும்.
எல்லாவற்றையும் கழுவினேன்,
என்னைத் தவிர.

அந்தக் கட்டடத்தில் நான் கால் வைக்காதது
பதினேழாம் அறை மட்டும்.
பெயின்ட் டப்பாக்களை எடுத்துப் போட்டார்கள்.
முத்திரை உடையாத புட்டி
நேராகக் கல்லூரி முகவரிக்கு வந்தது.
திங்கட்கிழமை, குளித்து,
அன்றைக்கு வாங்கிய மேலங்கியில் ஐவிதா உள்ளே.
நான் வெளியே, ஜன்னலுக்கு இந்தப் பக்கம்,
பனி கணுக்கால் வரை, காதில் தொலைபேசி.
"இப்போது சூட்டைக் குறை. இன்னும்.
கலக்காதே. விடு."
"விட்டுட்டேன்.
நீங்க கண்ணாடியில மூச்சு விடாதீங்க, தெரியல."

மூன்றாம் நாள்
குடுவையை ஜன்னலில் ஒட்டிப் பிடித்தாள்.
அடியில் முள்ளம்பன்றிக் குட்டி போல ஒன்று.
நான் என்ன சொன்னேனோ நினைவில்லை.
கை மரத்திருந்தது.

பேராசிரியருக்கு மகிழ்ச்சி.
நன்றியுரையில் 'தொழில்நுட்ப உதவி' போதும் என்றார்,
பெயர் எதற்கு என்றார்.
நான் இரண்டாவது ஆசிரியராக அவளைப் போட்டேன்.
அவர் அழித்தார். நான் போட்டேன்.
கோப்பு இப்போது பதினாறாம் பதிப்பில் இருக்கிறது.

ஐவிதா அதைப் பற்றிக் கேட்டதில்லை.
கேட்டது ஒன்றுதான்:
இரவு ஷிப்டுக்கு ஆள் எடுக்கும் தொழிற்சாலையில்
மேலங்கி அவர்கள் தருவார்களா,
நாமே வாங்க வேண்டுமா.

ஜூனில் செய்முறைத் தேர்வு.
அவள் பதினேழில் செய்ய விரும்பினாள்.
படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி:
தேர்வின்போது ஆசிரியர் அறைக்குள் இருந்தாரா?
இல்லை என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்,
சுத்தம்.