எந்தப் பக்கக் காற்று

மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான்
பாய் கட்ட உட்கார வேண்டும்.
சித்திரை மாதம், தண்டையார்பேட்டை,
இரண்டாம் மாடி.
காற்றுக்கென்றே பிறந்த ஒரு பொருளுக்குக்
காற்று ஆகாது என்பது
முதல் நாளே வேர்வையில் தெரிந்துவிட்டது.

அடிமரம், விலா, மேல்தளம்,
மூன்று பாய்மரங்கள் வரைக்கும்
அருளப்பன் செய்தது.
எண்ணெய்க் கப்பலில் என்ஜின் அறை வேலை அவருக்கு.
விடுப்பு முடிந்து ஏறிப்போன இரவு
மொட்டை மரங்களோடு அது
சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டு நின்றது.
ஐந்து மாதமாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.
கோபத்தில்தான் நூலை எடுத்தேன்.
வேறு காரணம் சொன்னால் பொய்.

எனக்கு வேலை பல் கட்டும் லேப்பில்.
முகம் தெரியாத யாரோ ஒருவரின் கடைவாய்க்கு
மெழுகில் குழி செதுக்குகிற கை.
இங்கும் அதே சாமணம், அதே மெழுகு.
கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் வாங்கிய நூலை
மெழுகின் மேல் ஒருமுறை இழுத்தால்
பிசிறெல்லாம் படுத்துக்கொள்கிறது.

ஏணிக் கயிற்றில், ஒரு பக்கத்துக்கு
நூற்று எண்பத்து நான்கு முடிச்சு.
எண்பதாவது தளர்ந்திருந்தால்
எண்பத்தொன்று காட்டிக்கொடுக்கும்.
பல்லும் அப்படித்தான்,
ஒன்று மயிரிழை உயர்ந்தால்
தாடை முழுக்கப் புகார்.

பாய்க்கு அவருடைய பழைய வேட்டி.
டீத்தூள் கொதிக்கவைத்து முக்கினேன்.
முதல் தடவை சாம்பார் கொட்டியது மாதிரி,
இரண்டாம் தடவை ஆஸ்பத்திரித் திரை.
மூன்றாவதில்தான்
உப்பில் கிடந்த துணியின் நிறம்
கொஞ்சம் இறங்கி வந்தது.
கரை ஓடிய ஓரத்தை வெட்டி எறிய மனசில்லை.
முன்பாயில் உள்பக்கமாக மடித்துத் தைத்தேன்.

புடைப்பு வேண்டுமே!
ஃபெவிகால் கரைத்த தண்ணீரில் நனைத்து
எவர்சில்வர் சொம்பின் வயிற்றில் ஒட்டிக் காயவைத்தேன்.
விடிந்ததும் உரித்தால்
எந்தக் கடலிலும் வீசாத காற்று
விறைப்பாக உள்ளே உட்கார்ந்திருந்தது.
கடைசியில் பின்மரத்தில் கொடி,
அமைச்சர் கார்க் கொடி போலப்
பின்னோக்கிப் படபடக்க.

லேப்புக்கு அச்சு கொண்டுவரும் தேசப்பன், காசிமேட்டுப் பையன்,
போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.
"பருமல் சரி. ஆஞ்சான் சரி. தாமான் சரி."
நான் வெறும் கயிறு என்று கட்டியதற்கெல்லாம்
பெயர் இருந்தது.
"கொடிதான்க்கா தப்பு.
பின்னாலேர்ந்து காத்து தள்ளுது, பாய் முன்னால புடைக்குது,
கொடி மட்டும் எதிர்க்காத்துல போவுமா?"
சிரித்துவிட்டு
ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

அன்றிரவு நகப்பூச்சு அழிக்கும் திரவம் தொட்டுத் தொட்டுக்
கொடியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது
வீடியோவில் அழைத்தார்.
பனியன் நனைந்து, காதில் தழும்பு போல ஹெட்போன் தடம்.
"ஏன் இப்படி வேர்த்திருக்கு?" என்றார்.
"உங்களுக்கு மட்டும்?"
"கீழே நாற்பத்தஞ்சு டிகிரி.
கடல் நடுவுலதான் இருக்கோம்,
காத்து எந்தப் பக்கம்னு கேட்டா தெரியாது."
கப்பலைக் காட்டச் சொன்னார்.
காட்டினேன்.
கயிறு கயிறாகப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, "அது என் வேட்டியா?" என்றார்.
கரை தெரியவே தெரியாது,
எப்படிக் கண்டுபிடித்தாரோ.

கொடியை முன்னோக்கி ஒட்டியாயிற்று.
துறைமுகப் பக்கத்து பால்கனியிலிருந்து வரும் மூன்று மணிக் காற்று
இப்போது பின்னாலிருந்து தள்ளுவதாகக் கணக்கு.
மூக்கு சமையலறையைப் பார்த்து நிற்கிறது.
மின்விசிறியை ஐந்தில் வைத்தேன்.
ஒரு பாயும் அசையவில்லை,
வெட்ட மறந்த ஒரே ஒரு நூல்முனையைத் தவிர.

மேசை இன்னும் அதற்குத்தான்.
தரையில் தட்டோடு உட்கார்ந்து நிமிர்ந்தால்
பாய் தெரிவதில்லை, கயிறு தெரிவதில்லை,
அவர் இழைத்த அடிமரம் மட்டும்
தலைக்கு மேலே போகிறது.
மீன் இப்படித்தான் பார்க்கும் போல.
குழம்பில் இன்று உப்பு கூடுதல்.