அரை மாத்திரை

இரவு பதினொன்றேகாலுக்கு ரத்த வங்கித் தொலைபேசி.
"மேடம், நான் மருதையன். லஸ்கரு.
காலையில கொரடாச்சேரி முகாம்ல குடுத்தேன்ல."
அவர் குரலுக்குப் பின்னால் மதகில் தண்ணீர் விழுகிறது.
மேட்டூர் திறந்து பதினோரு நாள்.
வெட்டாற்றில் இன்று முறை.

"மாத்திரை ஏதும் போட்டீங்களான்னு கேட்டீங்க.
இல்லேன்னுட்டேன்.
முந்தாநாள் பல்வலிக்கு அரை மாத்திரை.
அரைதானேன்னு..."

என்ன மாத்திரை?
அட்டையை எடுத்துவந்து
டார்ச் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டினார்.
ஆஸ்பிரின்.

இருபத்திரண்டு டிகிரியில்
நிற்காமல் ஆட்டிக்கொண்டிருக்கிறது கருவி
இன்றைய தட்டணுப் பைகள் பதினேழை.
அவருடையதை எடுத்து விளக்கில் பிடித்தேன்.
வைக்கோல் நிறம். மெல்ல அசைத்தால்
உள்ளே புகையாய்ச் சுழல்கிறது.
சுழன்றால் நல்லது என்பது பாடம்.
இதுவும் சுழல்கிறது.
ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாது,
அவ்வளவுதான்.

கொடுக்கிற ஒவ்வொருவரும்
கேட்காத ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்.
காலையிலேயே பரோட்டா சால்னாவை முடித்து வந்த
நெல் வியாபாரியின் பிளாஸ்மா
பால் ஊற்றியதுபோல் கலங்கிக் கழிவுக்குப் போனது.
ஊசியைக் கண்டு நடுங்கினான் ஒரு பாலிடெக்னிக் பையன்.
அந்த நடுக்கத்தில் எட்டாம் காரணி ஏறியிருக்கும்,
எவருக்கோ உதவட்டும்.
ஓ பிரிவுக்குப் பிறவியிலேயே உறைகாரணி சற்றுக் கம்மி.
நானும் ஓ.
அரிவாள்மணையில் கீறினால்
மற்றவர்களைவிட எனக்கு ஒரு துணி கூடுதல்
என்று ஒரு நினைப்பு.
பைமேல் ஒட்டும் சீட்டில்
பிரிவு உண்டு, எண் உண்டு, தேதி உண்டு.
பயத்துக்கும் பல்வலிக்கும் கட்டமில்லை.

மூன்றாம் மாடியில் நீடாமங்கலத்துப் பெண் ஒருத்தி
பிள்ளை பெற்று நான்கு மணி நேரம்.
இன்னும் நிற்கவில்லை.
நான்கு பை கேட்டுச் சீட்டு வந்து மேசையில் கிடக்கிறது.
நான்காவதாக நான் ஒதுக்கியிருந்தது
இவருடையதை.

"அப்ப எல்லாம் வீணா மேடம்?"
இல்லை. சிவப்பணு சரி.
பிளாஸ்மா உறைந்து கிடக்கிறது, அதுவும் சரி.
இது மட்டும் ஆகாது.

கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

"உடைப்பெடுத்தா மூட்டைய அடுக்குவோம் மேடம்.
உள்ள வெறும் மணலாப் போட்டிருந்தா
பாக்க மூட்டை மாதிரியேதான் இருக்கும்.
ஒண்ணோட ஒண்ணு புடிக்காது."

பாதி சரி. மீதியை விளக்க நேரமில்லை.

"மச்சான அனுப்பவா?
மாத்திரையே திங்கமாட்டான். பீடிதான்."
வேண்டாங்க, சோதனை முடிவதற்குள் விடிந்துவிடும்.
"சரி" என்றார். வைக்கவில்லை.
"அந்தப் புள்ளைக்கு..." என்று இழுத்தார்.
எந்தப் புள்ளை என்று நான் சொல்லவேயில்லை.
பார்க்கிறோம் என்றேன்.

பைமேல் சிவப்புப் பேனாவால் குறுக்குக்கோடு.
மஞ்சள் கூடை.
பதிவேட்டில் 'காரணம்' என்ற பத்தியில் எழுதினேன்:
கொடையாளர் தானே அழைத்துச் சொன்னது.
நேரம் 11.32.
அடுத்த தட்டில் பாலிடெக்னிக் பையனுடைய பை.
அதை எடுத்துக்கொண்டேன்.

மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை
என்று ஏழாம் வகுப்பில் ஒப்பித்தது
லிஃப்டுக்குக் காத்திருக்கையில் ஏனோ ஞாபகம் வந்தது.

லிஃப்ட் வரவில்லை.
படியேறினேன்,
நான்கு பைகளையும் கைக்குள்
ஆட்டிக்கொண்டே.