கொண்டி

தங்கலீலா டீச்சர் தந்த தாளில்
பதினோரு வரிகள்.
நூலகம் எங்கே, ஆய்வகம் எங்கே,
எத்தனை மணி அடித்தால் எதற்கு,
சைக்கிளை எந்தப் பலாமரத்தடியில் விடலாம்.
பிளஸ் ஒன்காரிகள் ஆளுக்கு மூன்று
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை
ஒரு மாதம் பார்த்துக்கொள்ள வேண்டும்.
எனக்கு வாய்த்த மூன்றில் இரண்டு பேர்
முதல் நாளே எனக்கு வழி சொன்னார்கள்.
அவர்களின் அக்காமார் இங்கேதான் படித்தார்களாம்.

மூன்றாமவள் ஷிஜிலா.
பேச்சிப்பாறைக்கும் மேலே, மணலோடையிலிருந்து
ஆறரை பஸ்ஸில் குலசேகரம் இறங்குகிறவள்.
அவளுடைய பழைய பள்ளிக்கூடத்தில்
எட்டு வகுப்புக்கும் சேர்த்து அறுபத்திரண்டு பேர்.
இங்கே ஒன்பது டி-யில் மட்டும்
அறுபத்து நாலு.
இதைச் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.
அந்தப் பையில் ரப்பர் ஷீட் காயும் புகை வாசம்.
எங்கள் வீட்டிலும் அதே வாசம்தான்.
ஏனோ நான் அதைச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை, மழை,
சோற்றுப் பாத்திரம் கழுவும் இடத்தில்
அவள் பாட்டிலைப் பார்த்தேன்.
காலையில் இருந்த கோட்டிலேயே
தண்ணீர் நின்றது.
நேற்றும் அப்படித்தான் என்பது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எனக்குத் தெரியும் அந்தக் கோடு.
ஒன்பதாவது முழுக்க
ஒரு மிடறு குடிக்காமல் வீடு போனவள் நான்.
டிசம்பரில் காய்ச்சலோடு போனபோது
டாக்டர் கேட்டார்:
பிள்ளே, ஸ்கூல்ல வெள்ளம் கிடையாதா?
உண்டு டாக்டரே, என்றாள் அம்மா.
நான் ஃபேனைப் பார்த்தேன்.

மைதானத்துக்குப் பின்னால் நாலு கதவு.
முதலாவதில் குழாய் வராது.
இரண்டாவது பூட்டினால் திறக்காது.
மூன்றாவது பிளஸ் டூவுக்கு மட்டும் என்று
யாரோ கரியால் எழுதியிருக்கிறார்கள்.
நாலாவதில் கொண்டி இல்லை.
டீச்சரின் தாளில்
இது எந்த வரியிலும் இல்லை.

குடி, என்றேன்.
நான் நிக்கேன்.

கதவை உள்ளங்கையால் அழுத்தியபடி நின்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து
உள்ளேயிருந்து மெல்ல:
அக்கா, உண்டா?
உண்டு.

மறுநாளும் அதே.
அதற்கடுத்த நாள், உண்டு என்றதும் நிறுத்தவில்லை.
முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை பேசாதவள்
பலகைக்கு அந்தப்பக்கமிருந்து பேசினாள்.
அப்பா மூணு மணிக்கு
தலையில லைட்டு கட்டிட்டு வெட்டப் போவாரு.
போன வாரம் எட்டாம் பிளாக்கில ஆனை.
இங்கிலீஷ் சார் பேசியது
தகரத்துல மழை விழுந்த மாதிரி, ஒண்ணும் பிடிபடேல்ல.
ஒருத்தன் என்னை மலைக்காரின்னு விளிக்கான்,
பேரு தெரியுமாம், ஆனாலும் விளிக்கான்.
நான் பதில் சொல்லவில்லை.
கதவு என் கையில் லேசாக அதிர்ந்தது.

இரண்டு முறை பாட்டனிக்குப் பிந்தினேன்.
எங்கே போனாய் என்றார்கள்.
கதவு பிடிக்கப் போனேன் என்று
எந்த முகத்தோடு சொல்வது?
வெளியே நின்றேன். அங்கேயும் நிற்கிற வேலைதான்.

மாதம் முடிந்ததும் டீச்சர் வேறொரு தாள் தந்தார்:
நீ செய்த உதவிகள்.
நூலகம் காட்டினேன், என்று எழுதினேன்.
அது பொய்கூட.
அவளாகவே கண்டுபிடித்திருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை
நாலாவது கதவில் புதுக் கொண்டி.
பித்தளை மினுங்கியது.
நல்லதுதான்.
ஆனாலும் என் பொருளை
யாரோ கேட்காமல் எடுத்துவிட்டது போல
ஒரு சின்னக் கோபம், வெட்கம்கெட்ட கோபம்.

அவள் உள்ளே போனாள்.
கொண்டி விழுந்தது.
மணியடிக்க நாலு நிமிடம்,
பாட்டனி வகுப்பு மாடியில்.
கையை எடுத்துவிட்டு இரண்டடி நடந்தேன்.

அக்கா, உண்டா?

கணக்குப் பேப்பர் தந்தாங்க.
அம்பதுக்கு முப்பத்தொண்ணு.
யாரிட்டயும் சொல்லாதீங்க,
அதுல அஞ்சு மார்க்கு
நான் வெறுதே எழுதினதுக்குக் கிட்டினது, அது எப்படின்னா…