பக்கம் நூற்றுப்பன்னிரண்டு

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.
சாட்ஸ்வொர்த், யூனிட் மூன்று.
முனிசிபாலிட்டி கட்டும்போதே மெல்லிசாகக் கட்டியது.
நான் கடுகு தாளித்தால் தனலெட்சுமி தும்முவாள்.
அவள் புருஷன் கூப்பு குறட்டை விட்டால்
என் அலமாரியில் டம்ளர் நகரும்.

இப்போது அவள் டிவியில்.
ஜோஹன்னஸ்பர்க் ஸ்டுடியோவில்
யாரோ இஸ்திரி போட்டுக் கட்டிவிட்ட ஏப்ரன்.
கீழே பெயர் ஓடுகிறது: ஆன்ட்டி டானி.
யாரது என்று ஒரு நிமிஷம் எனக்கே தெரியவில்லை.

ஜேக்கப்ஸ் பேக்டரியில் பதினெட்டு வருஷம்
அவள் காலர் தைத்தாள், நான் நூல்பிசிறு வெட்டினேன்.
ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கேட்டில் பூட்டு.
சீனாவிலிருந்து சட்டைகள் வருகின்றனவாம்,
காலரோடு.
திங்கட்கிழமை சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்து
ரொட்டிக்குள் பீன்ஸ் கறி சுருட்டி
விற்க ஆரம்பித்தாள் அவள்.
நான் ஒரு மாதம் படுத்துக்கிடந்தேன்.
வித்தியாசம் அந்த ஒரு மாதம்தான், வேறொன்றுமில்லை என்று
வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளம் வந்த ஏப்ரலில், கோயில் ஹாலில்,
முந்நூறு பேருக்கு டின் மீன் கறி வைத்தாள்.
இடிந்த பாலத்தைப் படமெடுக்க வந்த பெண்
ஒரு தட்டு வாங்கித் தின்றுவிட்டுப்
பாலத்தை மறந்துபோனாள்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று.
போட்டி. மூன்று நடுவர்கள்.
"வாயில் வைக்காமலே உப்பு சரி என்கிறீர்களே, எப்படி?"
மூடியைச் சற்றே ஒதுக்கி ஆவியை முகர்ந்து
"மூக்குக்குத் தெரியும்" என்றாள்.
அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது.
அது என் வாக்கியம்.
அந்த மூடியும் என்னுடையதுதான்,
பிடி உடைந்து கார்க் சொருகியது,
எந்தத் தீபாவளிக்கோ வாங்கிப்போனது.

புத்தகம் போடுகிறவர்கள் கேப் டவுனிலிருந்து
ஒரு சின்னப் பெண்ணைத் தராசோடு அனுப்பினார்கள்.
மூன்று நாள் தனாவின் கைப்பிடியை நிறுத்தாள்.
சுவர் வழியே கேட்டுக்கொண்டிருந்தேன்:
கொஞ்சம் என்றால் எவ்வளவு?
கொஞ்சம்தான்.
கிராமில் சொல்லுங்களேன்.
பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை.
பிறகு கூப்பு சிரித்தான்.

அச்சானதும் முதல் பிரதியை எனக்குத்தான் தந்தாள்.
உள்ளே, நன்றி சொல்லும் பக்கத்தில்,
'பக்கத்து வீட்டு எம்.'
மோகனாம்பாளுக்கு ஒரு எழுத்து, ஒரு புள்ளி.

பக்கம் நூற்றுப்பன்னிரண்டு. தனாவின் டின் மீன் கறி.

அதை நான் அவளுக்குச் சொன்னது தொண்ணூற்றுநாலில்,
முதன்முதலாக ஓட்டுப் போட நின்ற வரிசையில்.
ஆறு மணி நேரம்.
நாட்டைப் பற்றியே எவ்வளவு நேரம்தான் பேசுவது?

விரலை வைத்து வரிவரியாகப் படித்தேன்.
வெங்காயம், தக்காளி, கறிவேப்பிலை,
மசாலா மூன்று கரண்டி,
புளித்தண்ணீர் அரைக் கப்.
புளியா?
நான் சொன்னது பச்சை மாங்காய்,
தோலோடு, கொட்டையோடு,
அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூடவேண்டும்.
அவள் பக்கம் வேர் இருக்கும் மரம்,
காய் விழுவதெல்லாம் என் பக்கம்.
ஜன்னலில் விற்றபோதும் அதைத்தான் போட்டாள்.
கோயில் ஹாலில் அண்டா நிறைய
நான்தான் நறுக்கிக் கொடுத்தேன்.

மறந்தாளா?
தென்னாப்பிரிக்கா முழுக்க விற்ற பிறகும்
இது ஒன்று எனக்கு இருக்கட்டும் என்று விட்டாளா,
இல்லை தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாளா?
கேட்டிருக்கலாம்.
அதற்குள் உம்ஷ்லாங்காவில் கடல் பார்த்த பிளாட்,
தீ எரியாத அடுப்பு.
சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது
பீட்சா வரவழைத்துச் சாப்பிடும் பிள்ளைகள்.
ஒரு தும்மல் இல்லை.

நேற்று ராத்திரி போன் செய்தாள்.
இரண்டாவது புத்தகமாம், காலில் வீக்கமாம்,
கூப்புக்கு அந்தக் காற்று ஒத்துக்கொள்ளவில்லையாம்.
பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல்,
"மரம் இந்த வருஷம் காய்த்ததா, மோகனா?"

இல்லை என்றேன்,
வாயில் உப்பும் மிளகாயும் தொட்ட துண்டு
நொறுங்குகிற சத்தம் கேட்டுவிடாமல்
மெதுவாக.