பக்கக்கிளை

பேச்சிப்பாறை நாற்றங்காலில்
மூன்றாவது பாத்தி நரம்பாலி.
பெயரில்தான் நரம்பு; இலையில் நடுநரம்பு கிடையாது.
வெயிலுக்கு நேரே பிடித்தால்
வாரிவிட்ட முடிபோல் கோடுகள்,
எல்லாம் ஒரே பருமன்.
ஊசியிலைச் சாதியாம், றேஞ்சர் சொன்னார்.
ஊசி எங்கே என்றாள் ஜெபக்கனி.
அவர் புத்தகத்தைப் புரட்டினார்.

முத்துக்குழிவயலுக்கு ஏறும் வழியில்
ஒற்றை மரம். வெட்டின கொம்பு நாற்பது.
வேர்விட்டது பதினொன்று.
பதினொன்றும் படுத்துக்கொண்டே வளர்ந்தன.
பக்கக்கிளையில் எடுத்த கொம்பு
தனிப்பை, தனிமண் கொடுத்தாலும்
நான் மரமில்லை, கிளை என்றே கிடக்கும்.
மூங்கில்குச்சி வைத்துக் கட்டினேன்.
அவிழ்த்ததும் பழைய பக்கமே சாய்ந்தன.

'தாய்மரம்' என்றுதான் சீட்டில் எழுதியிருந்தது.
பங்குனியில் மல்லன் காணி இறங்கி வந்து
அதிலிருந்து ஒடித்த கதிர் ஒன்றைத் தட்டினார்.
என் சேலையெல்லாம் மஞ்சள் பொடி.
"இது அப்பன் மரமாக்கும், பிள்ளே."
பதினொன்றும் ஆண்.
சிரித்துச் சிரித்து
ஜெபக்கனிக்கு விக்கல்.

பெண்மரத்தையும் அவரே கண்டார்,
கோதையாற்றுக்கு அக்கரை, அட்டை கடிக்கும் காட்டில்.
காய்ந்தால் விதை செத்துப்போகும் என்று
பாசி சுற்றி, வாழையிலையில் ஏழு காய்.
அன்றைக்கே மணலில் புதைத்தேன்.
எலிக்கு நாலு. அழுகல் ஒன்று.
மீதி இரண்டும்
நேரே மேலே,
யாரும் கட்டாமல்.

ஆணா பெண்ணா, தெரிய எத்தனை வருஷம்?
"உன் தினக்கூலி நிரந்தரம் ஆகும்போ தெரியும்"
என்றாள் ஜெபக்கனி.
சீட்டில் அந்த இடத்தை விட்டுவைத்தேன்.
மழை பிடிக்குமுன் களை பறிக்கணும்.