தரம் பூஜ்யம்

மார்ச் மாதத்து டார்ட்டுவில்
நாலாவது மாடி பால்கனிச் சுவரில்
எண்பது சென்டிமீட்டர் டிஷ்ஷை முடுக்கினேன்.
மைனஸ் ஒன்பது.
ஸ்பானர் என் விரல்தோலில் கொஞ்சம்
கடனாக எடுத்துக்கொண்டது.

பெட்டி, தீப்பெட்டியைவிட இரண்டு சுற்றுப் பெரிது.
முன்னால் கேபிளுக்கு ஒரு வாய்,
பின்னால் யூஎஸ்பி வால்,
நெற்றியில் சிவப்பாய் ஒரு பொட்டு வெளிச்சம்.
செருகியதும் கம்ப்யூட்டர்
வாருங்கள் என்றது.
அடுத்த மூச்சில்
நீங்கள் யார் என்று தெரியவில்லையே என்றது.
டிரைவரை மூன்று தரம் ஏற்றி இறக்கிய பிறகு
பின்பக்கத் துளைக்கு மாற்றிப் பார்த்தேன்.
சட்டென்று பழகிவிட்டது.
இவ்வளவு நேரமும் பசிதான் போல;
முன்பக்கத் துளையில் மின்சாரம் அரைவயிறு.

திரையில் இரண்டு கோடுகள்.
வலிமை: எண்பத்தொன்று.
தரம்: பூஜ்யம்.
"நன்றாகக் கேட்கிறது, ஒன்றும் விளங்கவில்லை" என்றேன்.
"நம்ம கட்டடச் சங்கத்துக் கூட்டம்" என்றாள் விர்வே.

அவள் உள்ளே எண்ணை வாசிக்க
நான் வெளியே டிஷ்ஷைத் திருப்ப
ஜன்னல் கண்ணாடி எங்களுக்கு நடுவில்.
இன்னும் இம்மி.
இம்மி என்றால் இம்மி, முழம் இல்லை.
போச்சு. திரும்பி வா.
ஒன்றரை மணி நேரம்
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்:
ஆறு டிகிரி கிழக்கே
வேறு யாருடைய செயற்கைக்கோளோ.
மேற்கே நகர்த்தி, மூக்கைச் சற்றே திருகினேன்.
அறுபத்துநாலு! என்று அவள் கத்தியது
கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.

அன்றிரவு முதல்
கால்மணிக்கு ஒரு பூமி வந்தது.
பஸ் டிப்போவில் ஷிப்ட் முடிந்து
கிரீஸ் கையோடு உட்கார்ந்து பார்ப்பேன்.
ஆப்பிரிக்கா நடுக்கூடத்தில் காலை நீட்டிப் படுத்திருக்கும்.
நாங்கள் மேல்விளிம்பில்,
வெட்டி எறிய மறந்த நகத்துண்டு.
ஆனாலும் நாங்கள்.
மேகம் மூடியிருந்தால் வெளியே போய்
நிமிர்ந்து பார்த்து
சரிதான் என்று சொல்லிவிட்டு வருவேன்.
விர்வே கேட்டாள்:
"இதற்கு ஜன்னல் போதாதா?"

மே ஐந்தாம் தேதி பூமியில் ஒரு கறுப்புக் கோடு.
ஏழாம் தேதி பதினோரு கோடு.
பத்தாம் தேதி காங்கோவுக்கு மேலே பூமியே இல்லை.
கேபிள் மாற்றினேன்.
முனைத் திருகாணி மாற்றினேன்.
பெட்டியைக் கவிழ்த்து ஊதினேன்.
டிரைவரை மறுபடி ஏற்றினேன்.
சூரியன்மேல் பழிபோட்டேன், பிறகு சீனாக்காரன்மேல்.
வலிமைகூட இப்போது கைவிரித்தது.

ஞாயிறு காலை, தேநீரோடு பால்கனிக்கு வந்தவள்
"உன் கோள் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்றாள்.
நீட்டிக் காட்டினேன்.
நீட்டிய விரலின் நுனியில்
பிர்ச் மரம்.
மார்ச்சில் அது வெறும் கோடுகள்;
அதற்குள் நுழைந்து வானத்தைப் பிடித்திருக்கிறேன்.
இப்போது இலைக்கு ஈரமாய், பச்சையாய்,
ஒவ்வொன்றும் ஒரு கதவு.

இரண்டாம் மாடி ஃபெலிக்ஸ் நட்டதாம்,
மகள் பிறந்த வருடம்.
விஷயம் கேள்விப்பட்டு ரம்பத்தோடு ஏறி வந்துவிட்டார்:
"ஒரு கிளைதானே, எது என்று சொல்."
நான் கடைசி முழுப்படத்தைத் திறந்து வைத்திருந்தேன்.
ஏப்ரல் இருபத்தெட்டு, பகல் பன்னிரண்டே கால்.
பால்டிக் மேல் எச்சில் துடைத்ததுபோல் ஒரு வெள்ளை.
அதற்குப் பிறகு மூன்று நாள் மழை,
என் ஜாக்கெட் இன்னும் காயவில்லை.
அந்த வெள்ளையையும் ஜன்னலையும்
மாறி மாறிப் பார்த்தேன்.
சொன்னால் சிரிப்பார்.

"அக்டோபரில் தானாக உதிரும், இல்லையா?"
"உதிரும்" என்றார்,
ரம்பத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

மிச்சமிருந்த பழைய கேபிளை
விர்வே சாண் சாணாக நறுக்கி
தக்காளிச் செடிகளைக் கட்டியிருக்கிறாள்.
ஆறு தொட்டி.
நன்றாகத்தான் தாங்குகிறது.